பழையதைச் சுரண்டாமல் புதியதைப் பூச வேண்டாம்

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைப் பற்றியவை. தரையிலும் சுவரிலும் பதித்த டைல்ஸ்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள் கறுத்துப் போகின்றன, உதிர்ந்து குழியாகின்றன, திரும்ப நிரப்பினாலும் நிற்பதில்லை என்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குளியலறையில் டைல்ஸ் பதித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தரையில் உள்ள இடுக்குகள் எல்லாம் கறுத்துவிட்டன. சில இடங்களில் விரல் நகம் உள்ளே போகும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம். மேலாக வெள்ளை சிமென்ட் பூசிவிட்டால் புதிதுபோல் ஆகிவிடும், அரை நாள் வேலைதான் என்று கொத்தனார் சொல்கிறார். செய்யலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, அந்த வேலையை அப்படிச் செய்ய விட வேண்டாம். அரை நாளில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் சில மாதங்களிலேயே பூசியது பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, துடைப்பத்தோடு வந்துவிடும்.

இடுக்கில் இருக்கும் பூச்சு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் டைல்ஸின் விளிம்புச் சுவர்களைத்தான் அது பற்றிக்கொள்கிறது. பழைய பூச்சு முக்கால் பங்கு நிறைந்திருக்கும் இடுக்கின்மேல் புதியதைத் தேய்த்தால், அதற்குக் கிடைக்கும் கனம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பற்றிக்கொள்ளப் பக்கச் சுவர் இல்லை. அடியில் இருப்பதோ ஒன்பது ஆண்டுகளாகச் சோப்பும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் ஊறிய மேற்பரப்பு. எண்ணெய்ச் சட்டியின்மேல் பூசிய சுண்ணாம்பு நிற்காததைப் போலவே இதுவும் நிற்காது.

இடுக்கு ஏன் இப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு வேலையை மட்டும் செய்தால் மறுபடியும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். நம் ஊர்களில் நெடுங்காலமாக வெறும் வெள்ளை சிமென்டைத் தண்ணீரில் கரைத்து, இடுக்குகளில் கையால் தேய்த்து, பழந்துணியால் துடைத்துவிடுவதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. கலவை தண்ணீராக இருந்தால் காயும்போது அதிகம் சுருங்கும். சுருங்கினால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புகளில் அழுக்கு நீர் தங்கி, ஈரம் உலராத இடத்தில் பூஞ்சை பிடித்துக் கறுப்பாகிறது. கடைகளில் ‘டைல் கிரவுட்’ என்று தனியாக விற்கும் பொடியில் சிமென்டோடு நுண்ணிய நிரப்புப் பொருளும் பாலிமர் பொருளும் சேர்ந்திருப்பதால், அது சுருங்குவது குறைவு, பிடிப்பு அதிகம்.

அடுத்தது நீங்கள் ஊற்றும் ஆசிட். கழுவுவதற்கு வாங்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமென்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அது கால்சியம் குளோரைடாக மாற்றுகிறது. அந்த உப்பு தண்ணீரில் எளிதில் கரைந்து, அடுத்த வாளித் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆசிட் ஊற்றியவுடன் ‘புஸ்’ என்று நுரைத்து வருவதை அழுக்கு வெளியேறுவதாக நாம் நினைக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச் சென்ற உப்புப் படிவம் நுரைப்பது ஒரு பங்கு என்றால், உங்கள் இடுக்கே கரைந்து நுரைப்பது இன்னொரு பங்கு. டைல்ஸின் மேல்பூச்சு ஆசிட்டைப் பெருமளவு தாங்கும். நடுவில் இருக்கும் சிமென்ட் தாங்காது. ஆகவேதான் டைல்ஸ் பளபளப்பாகவும் இடுக்கு பள்ளமாகவும் இருக்கிறது. ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். சன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் ஒவ்வொரு டைல்ஸையும் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று இறுகிய ஓசை வந்தால் நல்லது. ‘பொக்’கென்று குடம்போல் ஒலித்தால் அந்தக் கல்லின் அடியில் கலவை விட்டுப்போயிருக்கிறது, மிதிக்கும்போதெல்லாம் அது நுணுக்கமாக அசையும், அதைச் சுற்றி எவ்வளவு நல்ல கிரவுட்டைப் போட்டாலும் வெடிக்கும். அப்படிப்பட்ட கல்லை எடுத்து மறுபடியும் பதித்த பிறகே இடுக்கைத் தொட வேண்டும்.

பிறகு பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். டைல்ஸின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் வரை எடுப்பது சரியான அளவு. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள கல்லுக்கு ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடுக்கு காலியாக வேண்டும். சுரண்டும்போது வரும் தூளைக் கவனியுங்கள். முதலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று வரும், அடுத்துச் சாம்பல் நிறம், அதற்கும் கீழே வெள்ளையாக உலர்ந்த தூள் வரும். அந்த உலர்ந்த தூள் வரும்வரை இறங்கியாக வேண்டும். பக்கச் சுவர்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தையும் விடக்கூடாது, புதிய கிரவுட் பிடிக்கப் போவது அங்கேதான்.

கொத்தனாரிடம் சுரண்டுவதற்குத் தனிக்கூலி பேசிவிடுங்கள். ஒரே தொகையாகப் பேசினால் சுரண்டுவதில்தான் அவசரம் காட்டுவார்கள், ஏனென்றால் நிரப்பிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. நிரப்பத் தொடங்குமுன் நீங்களே ஒரு தீக்குச்சியை எடுத்து, இடுக்கில் செங்குத்தாக நிறுத்தி, கல்லின் மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு வெளியே எடுத்து அளந்து பாருங்கள். பத்து இடங்களில் பார்த்தால் போதும். ஆழம் இல்லாத இடத்தை மறுபடியும் சுரண்டச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். எங்கள் குளியலறை ஏழடிக்கு ஐந்தடி. தரையில் ஓரடிச் சதுர டைல்ஸ், சுவரில் ஏழடி உயரம் வரை ஓரடிக்கு ஒன்றரை அடி டைல்ஸ். இடுக்கு மாற்றும் வேலையை நானே செய்ய விரும்புகிறேன். என்னென்ன கருவிகள் வேண்டும், எவ்வளவு கிரவுட் வாங்க வேண்டும், எப்படிக் கலக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்வீர்களா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, இது பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை. வயதானவர்கள் செய்யக் கூடாத வேலையும் அல்ல. ஆனால் நெடுநேரம் குந்தி உட்கார வேண்டியிருக்கும், எனவே முழங்காலுக்கு அடியில் ஒரு மடித்த சாக்கோ பழைய தலையணையோ போட்டுக்கொள்ளுங்கள். என் தாயாரின் குளியலறைத் தரையை நானே சுரண்டியபோது, இறுகியிருந்த இடங்களில் கைக்கருவியால் மணிக்குப் பத்தடி நீளம்தான் முடிந்தது. உங்கள் தரையில் ஏறத்தாழ எழுபதடி நீளத்துக்கு இடுக்கு இருக்கும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுரண்டுவதற்கென்றே கைப்பிடியும் சொரசொரப்பான சிறு தகடும் கொண்ட கருவி வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் ஆக்சா பிளேடு ஒன்றின் முனையில் துணியையும் இன்சுலேஷன் டேப்பையும் சுற்றிக் கைப்பிடியாக்கிக்கொள்ளலாம்; பல மேஸ்திரிகள் செய்வது அதுதான். மின்கருவி வேண்டுமென்றால், தகடு சுழலாமல் இப்படியும் அப்படியுமாக அதிரும் வகைக் கருவியை வாடகைக்கு எடுங்கள். நான்கு அங்குலக் கட்டிங் மெஷினைப் பழகாத கையால் தொட வேண்டாம். அதன் வட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. கை ஒரு நூல் நகர்ந்தாலும் கல்லின் விளிம்பு பெயர்ந்துவிடும்; அந்தப் பெயர்வை எந்தக் கிரவுட்டாலும் மறைக்க முடியாது.

எந்தக் கருவியானாலும் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணியாமல் தொடங்காதீர்கள். கிரவுட்டிலும் டைல்ஸிலும் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூளை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருகிறது, அதற்கு முழுக் குணம் கிடையாது. நமக்கு இது சில நாள் வேலைதான் என்றாலும் கவனம் தேவை. கைக்கருவியால் சுரண்டும்போது இடுக்கில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூள் பறக்காது. மின்கருவியோடு தண்ணீரைச் சேர்க்காதீர்கள், மின் அதிர்ச்சி ஆபத்து உண்டு. ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: தரையிலுள்ள நானி டிராப்பின், அதாவது கழிவுநீர் இறங்கும் துளையின், வாயைத் துணிப்பந்தால் அடைத்துவிட்டுத்தான் சுரண்டத் தொடங்க வேண்டும். சிமென்ட் தூள் குழாய்க்குள் போய் இறுகினால், இடுக்கைச் சரிசெய்யப் போய்க் குழாயை உடைக்க வேண்டியதாகும்.

அளவுக்கு வருகிறேன். டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் கூட்டி, அவற்றின் பெருக்குத் தொகையால் வகுத்து, அதைக் கல்லின் கனத்தாலும் இடுக்கின் அகலத்தாலும் பெருக்கி, இறுதியில் 1.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்குத் தேவையான கிரவுட் கிலோவில் கிடைக்கும். உங்கள் தரைக் கல் 300-க்கு 300. கனம் 8, இடுக்கு 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 600-ஐ 90,000-ஆல் வகுத்து, 8, 3, 1.6 ஆகியவற்றால் பெருக்கினால் ஏறத்தாழ 0.26 வரும். உங்கள் தரை 35 சதுர அடி, அதாவது மூன்றேகால் சதுர மீட்டர். ஆகவே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். சுவருக்கு 300-க்கு 450 கல், 2 மில்லிமீட்டர் இடுக்கு என்று வைத்துக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 0.14 கிலோ. கதவை நீக்கிய சுவர் சுமார் 150 சதுர அடி, அதாவது 14 சதுர மீட்டர்; அதற்கு இரண்டு கிலோ. இது முழு ஆழத்துக்கான கணக்கு. நீங்கள் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் எடுப்பதால் சேதாரத்தையும் சேர்த்து மொத்தம் மூன்று கிலோ தாராளமாகப் போதும். மூன்று பாக்கெட்டுகளையும் ஒரே தொகுப்பு எண் உள்ளவையாகப் பார்த்து ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் நிறத்தில் மெல்லிய வேறுபாடு தெரியும்.

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடுக்கென்றால் மணல் கலந்த வகையைக் கேளுங்கள். மூன்று மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான இடுக்குக்கு மணல் இல்லாத மென்பொடி ஏற்றது.

கலக்கும் முறையில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது. தண்ணீரின் அளவு பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். முதலில் தண்ணீர், பிறகு பொடி என்ற வரிசையில் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். பதம் எப்படி இருக்க வேண்டுமென்றால், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இட்லி மாவுபோல் ஓடாமல், அதைவிடக் கெட்டியாக, நெய் சேர்த்துக் கிண்டிய கேசரிபோல் மெதுவாகச் சரிய வேண்டும். கலந்தவுடன் பயன்படுத்தாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி ஒருமுறை கிளறுங்கள். பாதி வேலையில் கலவை இறுகத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றி இளக்குவது பெரும்பாலோர் செய்யும் பிழை. அந்தக் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளைகளாக நின்றுவிடும். இடுக்கு திட்டுத்திட்டாக வெளுக்கும், விரைவில் உதிரும். இறுகியதைத் தூக்கி எறியத்தான் வேண்டும். ஆகவே ஒருமுறைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள்.

சுரண்டிய இடுக்கைத் தூரிகையால் பெருக்கி, ஈரப் பஞ்சால் துடையுங்கள். இடுக்கு நனைந்திருக்க வேண்டும், தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. ரப்பர் பட்டையால் கலவையை அள்ளி, இடுக்குக்குக் குறுக்குச் சாய்வாக இழுத்து அழுத்துங்கள். இடுக்கின் நீளவாக்கில் இழுத்தால் நிரம்பியதையே பட்டை தோண்டிக்கொண்டு வந்துவிடும். அடி வரை போய் நிறைந்ததா என்பதை, பட்டை இழுபடும்போது கையில் உணரும் எதிர்ப்பே சொல்லும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் அதேபோல் சாய்வாக ஒருமுறை துடைத்து, அலசி, பிழிந்து, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டினால் மேல் நிறம் கழுவிப்போகும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கல்லின்மேல் படியும் வெண்தூளை உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம். அதற்கு ஆசிட் வேண்டவே வேண்டாம்.

ஒரு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. மூன்று நாட்கள் அந்தக் குளியலறையில் குளிக்கக் கூடாது. உங்கள் ஊர் வெயில் காலத்தில் செய்தால், இரண்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தெளிப்பானால் லேசாக நீர் தெளித்து ஆறவிடுங்கள், சட்டென்று காய்ந்தால் சிமென்ட் இறுகாமலே உலர்ந்துவிடும். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கக்கூடியது. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். எங்கள் குளியலறையிலிருந்து கீழ்த்தளத்தாரின் மேற்கூரையில் ஓதம் இறங்குகிறது. இடுக்குகளை மாற்றினால் நின்றுவிடும் என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், சென்னை)

பதில்: முழுமையாக நம்ப வேண்டாம். டைல்ஸும் கிரவுட்டும் நீர்த்தடுப்பு அல்ல. நீரைத் தடுக்க வேண்டியது அவற்றின் அடியில், தளத்தின்மேல் பூசியிருக்க வேண்டிய வாட்டர்ப்ரூஃப் படலம். நல்ல இடுக்கு உள்ளே இறங்கும் நீரைக் குறைக்கும், அவ்வளவுதான். அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தைப் பள்ளமாக வார்த்து, அதில் உடைந்த செங்கல்லை நிரப்பி, மேலே டைல்ஸ் பதிப்பது பரவலான முறை. அந்த நிரப்பு ஒருமுறை நீரைக் குடித்துவிட்டால் வாரக்கணக்கில் வைத்திருந்து மெதுவாகக் கீழே விடும். ஆகவே இடுக்கை மாற்றிய மறுநாளே ஓதம் குறையவில்லை என்று கொத்தனாரைக் குறை சொல்வதும் சரியாகாது.

செலவு செய்யுமுன் நீர் எங்கிருந்து வருகிறது என்று சோதியுங்கள். முதல் சோதனை குழாய்க்கு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எண் நகர்ந்திருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது, இடுக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரண்டாம் சோதனை தரைக்கு. நானி டிராப்பின் வாயைத் துணியும் மணல் மூட்டையும் வைத்து அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் பாத்திரத்தில் குறைந்தது ஆவியானது. தரையில் அதைவிட அதிகம் குறைந்திருந்தால் மீதி உள்ளே இறங்கியிருக்கிறது. இந்தச் சோதனையைக் கீழ்த்தளத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு செய்யுங்கள். தரையில் நீர் குறையாமல் நின்று, அடைப்பை எடுத்து வெளியேற்றும்போது மட்டும் கீழே ஈரம் தெரிந்தால், குற்றம் டிராப்பும் வடிகுழாயும் சேரும் இடத்தில்.

தரை வழியேதான் இறங்குகிறது என்று உறுதியானால், டைல்ஸை எடுத்து நீர்த்தடுப்பைப் புதிதாகச் செய்வதே நிலையான வழி. அதற்குப் பணம் சேரும்வரை, இடுக்குகளை ஆழமாகச் சுரண்டி எபாக்ஸி என்னும் பிசின் வகைக் கிரவுட்டால் நிரப்புவது ஓதத்தைக் குறைக்கும். அதைத் தீர்வென்று யாராவது விற்க வந்தால் மட்டும் ஏற்காதீர்கள்.

கேள்வி: எபாக்ஸி கிரவுட் சாதாரண கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அந்த விலைக்குத் தகுதியானதா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இடத்தைப் பொறுத்தது. சமையல் மேடைக்குப் பின்னால் உள்ள சுவர், கழுவு தொட்டியைச் சுற்றிய பகுதி, நாள்தோறும் நனையும் குளியலறைத் தரை ஆகியவற்றுக்கு நான் தயங்காமல் எபாக்ஸியைச் சொல்வேன். அது நீரையும் எண்ணெயையும் உறிஞ்சுவதில்லை, மஞ்சள் கறை ஊறுவதில்லை, வீட்டில் பயன்படும் துப்புரவுத் திரவங்களையும் பெருமளவு தாங்கும். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் அவ்வளவு செலவு தேவையில்லை. வெயில் நேரடியாக விழும் பால்கனியில் வெள்ளை எபாக்ஸி போட்டால் காலப்போக்கில் மஞ்சளாகும். அங்கே சாம்பல் போன்ற அடர்நிறம் எடுங்கள்.

ஆனால் எபாக்ஸி பழகிய கையைக் கேட்கும் பொருள். பிசின், இறுக்கி, நிரப்புப் பொடி என்று பொதியில் வருபவற்றை முழுமையாகக் கலக்க வேண்டும். பாதியை எடுத்துப் பாதியை வைத்தால் விகிதம் கெட்டு இறுகாமலே போகும். கலந்தபின் அரை மணி முதல் முக்கால் மணி நேரம்தான் வேலை செய்ய முடியும், கோடையில் அதுவும் குறையும். எனவே காலை வெயில் ஏறுமுன் தொடங்கச் சொல்லுங்கள். சிமென்ட் கிரவுட்டுக்கு மாறாக, இதற்கு இடுக்கு எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். சுரண்டிய பிறகு ஓரிரு நாள் மின்விசிறி வைத்துக் காயவிடுவது நல்லது. கல்லின்மேல் படியும் பிசினை இறுகுவதற்கு முன்பே துடைத்தாக வேண்டும், அசட்டையாக விட்டால் அந்தப் படலம் கல்லோடு ஒன்றிவிடும். வேலைக்கு வருபவரிடம், முதலில் கதவுக்குப் பின்னால் இரண்டு கற்களுக்கு நடுவே மட்டும் போட்டுக் காட்டச் சொல்லி, அது சுத்தமாக வந்தால் மீதியைக் கொடுங்கள். பிசின் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், கையுறையைக் கட்டாயமாக்குங்கள்.

கேள்வி: தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் எத்தனை முறை போட்டாலும் வெடிக்கிறது. (வாசகர், வேலூர்)

பதில்: அங்கே கிரவுட்டே போடக் கூடாது. தரையும் சுவரும் வெப்பத்துக்கும் பாரத்துக்கும் தனித்தனியாக அசைகின்றன. இறுகிய பொருள் அந்த அசைவைத் தாங்காது. பழையதைச் சுத்தமாக எடுத்து, நன்றாக உலரவிட்டு, ரப்பர்போல் வளைந்துகொடுக்கும், பூஞ்சை பிடிக்காத வகைச் சிலிக்கானை நிரப்புங்கள். கழுவு தொட்டி சுவரோடு சேரும் கோட்டுக்கும் இதுவே பொருந்தும்.

கேள்வி: எங்கள் கூடத்தில் விட்ரிஃபைட் டைல்ஸை இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் பதித்திருக்கிறார்கள். நூலிழைபோல் கறுத்த கோடுகள் தெரிகின்றன. இடுக்கு மாற்ற முடியுமா? (வாசகி, சேலம்)

பதில்: முடியாது என்பதே நேர்மையான பதில். நூலிழைக்குள் எந்தக் கிரவுட்டும் இறங்காது, இறங்கியதுபோல் தெரிவதும் தங்காது. கட்டிங் மெஷினால் இடுக்கை அகலப்படுத்தித் தருகிறோம் என்று சொல்வார்கள், விளிம்புகள் பெயர்ந்து தரையே கெடும். சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு தேய்த்து, உடனே துடைத்து உலரவிட்டு வாருங்கள். அடுத்த முறை வீடு கட்டுவோர் இதைப் படித்தால், குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் (கற்களுக்கு நடுவே இடைவெளி காக்கும் துண்டு) வைக்காமல் ஒரு கல்லைக்கூடப் பதிக்க விட வேண்டாம்.

கேள்வி: மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இடுக்குகளில் புல் முளைத்திருக்கிறது. குளியலறைக்கு வாங்கும் கிரவுட்டையே இதற்கும் போடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம், ஐயா. அது சுட்ட மண் ஓடு, இடுக்கும் அகலம். புல்லை வேரோடு எடுத்து, உதிர்ந்த பழைய கலவையை உளியால் கொத்தி வெளியேற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து, நீர்த்தடுப்புத் திரவத்தை அதன் அளவுப்படி கலந்து, ஓட்டின் மட்டத்துக்கு அழுத்திப் பூசச் சொல்லுங்கள். ஓடு நீரைக் குடிக்கும் பொருளாதலால் பூசுமுன் நன்றாக நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவையிலுள்ள ஈரத்தை ஓடு இழுத்துக்கொள்ளும். காலையிலோ மாலையிலோ பூசி, ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் ஆறவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசி முதல் வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வேலை நடக்கும்போதே மாடியின் வாட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றி, அது நீர்போக்கிக் குழாய்க்குப் போய்ச் சேர்கிறதா, நடுவில் தேங்குகிறதா என்று நின்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் ஆத்தங்குடிக் கற்கள் பதித்திருக்கிறது. இடுக்குகள் உதிர்கின்றன. பெயின்ட் வேலைக்கு வந்தவர்கள் ஆசிட் ஊற்றி ஒரு பகுதியைக் கழுவியதில், பூவேலைப்பாடு மங்கிச் சொரசொரப்பாகிவிட்டது. என்ன செய்வது? (வாசகி, காரைக்குடி)

பதில்: சகோதரி, கடிதத்தைப் படித்தபோது மனம் வருந்தியது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, அதன்மேல் சிமென்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து இறுக்கிய சிமென்ட் கல் அது. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் முகத்திலிருந்து வந்தது. பீங்கான் டைல்ஸுக்கு இடுக்கு மட்டும்தான் சிமென்ட். உங்கள் வீட்டிலோ கல்லே சிமென்ட். ஆசிட் இடுக்கை அரித்ததைப் போலவே பூவையும் அரித்துவிட்டது. அரித்துப் போன மேல்பரப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வண்ண அடுக்கில் இன்னும் கனம் எஞ்சியிருந்தால், பழக்கமுள்ளவர்களைக் கொண்டு மிக மென்மையாகத் தேய்த்துச் சொரசொரப்பைக் குறைக்கலாம். முற்றிலும் மங்கிய கற்களுக்கு ஆத்தங்குடியிலேயே அந்தப் பூவின் அச்சைக் காட்டிப் புதிய கல் வார்த்து வாங்க முடியும்.

இடுக்கைப் பொறுத்தவரை, இந்தக் கற்களை நெருக்கமாகப் பதிப்பதுதான் வழக்கம். இரும்புக் கருவியால் ஆழமாகச் சுரண்ட முயல வேண்டாம். உதிர்ந்து நிற்பதை மட்டும் மூங்கில் சிம்பால் கிளறி, தூரிகையால் எடுத்துவிடுங்கள். இடுக்கின் இரண்டு பக்கமும் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கல் நீரை உறிஞ்சும். வண்ணச் சிமென்ட் கலவை கல்லின்மேல் பட்டால் கறையாக ஊறிவிடும். வெள்ளை சிமென்டில் கல்லின் ஓர நிறத்துக்குப் பொருந்தும் ஆக்சைடு பொடியைச் சிறிது கலந்து, ஒரு சிரட்டையில் வைத்துக் காயவிட்டு நிறம் பாருங்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளுக்கும். நிறம் ஒத்துவந்த பிறகு, அந்தக் கலவையைக் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியால் இடுக்கில் அழுத்தி, டேப்பை உடனே உரித்து, ஈரத் துணியை இரண்டு மூன்று நாட்கள் விரித்து வையுங்கள். ஒரு வாரம் கழிந்து நன்றாக உலர்ந்தபின், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்துவந்ததுபோல், சில சொட்டுத் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தரை முழுவதையும் துடைத்து வாருங்கள். இனி வேலைக்கு யார் வந்தாலும், அவர்கள் வாளியைத் தூக்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.